ஆய்வுச் செலவு: ஒற்றைக் கழிவா, இரட்டைக் கழிவா?

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு நிறுவனம் சொந்த ஆய்வுக்கு 100,000 ரிங்கிட் செலவிடுகிறது. வருமான வரி 24% என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ஒற்றைக் கழிவு, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து செலவு ஒருமுறை கழியும்: 24,000 ரிங்கிட் வரி மிச்சம். 34ஏ பிரிவில் அதே தொகை இருமடங்காகக் கழியும்: 48,000 ரிங்கிட் வரி மிச்சம். ஆனால் திட்டத்துக்கு ஒப்புதல் வேண்டும்.

இரட்டைக் கழிவு சறுக்குவது பெரும்பாலும் சம்பளக் கணக்கில்தான். ஒரு பொறியாளர் வாரத்தில் இரண்டு நாள் ஆய்விலும் மூன்று நாள் உற்பத்தியிலும் இருந்தால், 5,000 ரிங்கிட் சம்பளத்தில் 2,000 மட்டுமே ஆய்வுச் செலவு. நேரப்பதிவை அன்றன்றே எழுதுங்கள். ஆண்டு முடிவில் ஊகித்து நிரப்பிய தாள் தணிக்கையில் நிற்காது. வழக்கமான தரச் சோதனை, சந்தை ஆய்வு இரண்டும் சேராது. வாங்கிய இயந்திரமும் அப்படியே, அதற்கு மூலதனப் படி (இயந்திரம் போன்ற சொத்துகளுக்கான வரிக் கழிவு) தனி.

சிறிய, ஒருமுறைச் சோதனைக்கு ஒற்றைக் கழிவே போதும்.