நாலு டிராக் கேசட்டா, லேப்டாப்பா?
வீட்டிலேயே சைக்கடெலிக் ஃபோக் ராக் (கனவுபோல மயக்கும் ஒலிகள் கலந்த, நாட்டுப்பாடல் சாயல் ராக் இசை) பதிவு செய்ய லேப்டாப் வசதிதான். குரல், கிதார் என்று தனித்தனியே பதியும் தடம்தான் டிராக்; எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், பிடிக்காததை அழிக்கலாம்.

1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பதிவுக் கருவியில் சாதாரண கேசட், நாலே டிராக். மூன்று நிறைந்ததும் அவற்றை நான்காவதில் கலந்து இறக்கினால்தான் மறுபடி இடம். கலந்ததைப் பிரிக்க முடியாது, 'உஸ்' இரைச்சலும் கூடும். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். மழைக்கு நடுவே யாரோ பாடுவதுபோல.

அப்புறம், இதில் நாலு டிராக்கும் ஒரே திசையில் பதிவதால், கேசட்டைத் திருப்பிப் போட்டால் பாட்டு பின்னோக்கி ஓடும். அதன்மேல் கிதார் வாசித்து, மறுபடி திருப்பினால், ஒவ்வொரு சுரமும் மெல்லப் பெருகி வந்து சட்டென்று அறுந்துபோகும். (திருப்பும்போது ஒன்றாவது டிராக் நான்காவதாகிவிடும், மறந்தால் அதன்மேலேயே பதிந்து, பாடிய குரல் போச்சு.) லேப்டாப்பில் இதற்கு ஒரே க்ளிக். இருந்தாலும் எனக்குக் கேசட்தான்.