தோல் முட்டைக்கு எது கைகொடுக்கும்: சுண்ணாம்புத் தண்ணீரா, முட்டை ஓடா, கிளிஞ்சலா?

காலையில் கூண்டுக்குள் கையை விட்டதுமே தெரிந்துவிடும். கெட்டியான முட்டைக்குப் பதிலாக, வெதுவெதுப்பாக, தண்ணீர் ஊற்றிக் கட்டிய பை மாதிரி ஒன்று விரலுக்கு அமுங்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு அசைவதுகூடத் தெரியும். தோல் முட்டை. அடையில் கெட்டுப்போகிற கூழ்முட்டை வேறு, இது வேறு.

எங்கள் வீட்டில் ஐந்து பெட்டைகள். மூன்று சிறுவிடை நாட்டுக்கோழிகள், இரண்டு, பண்ணையில் வயதாகிவிட்டது என்று கழித்துவிட்ட வெள்ளை முட்டைக்கோழிகள். போன கோடையில் தோல் முட்டை இட்டது அந்த இரண்டு மட்டும்தான். ஐந்தும் மேய்வது ஒரே கொல்லையில், தின்பது ஒரே இரை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? சிறுவிடை பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த இடைவெளியில் உடம்பு இழந்ததைச் சேர்த்துக்கொள்ளும். பண்ணைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை என்று வளர்த்தெடுக்கப்பட்ட இனம். அதற்கு ஓய்வே கிடையாது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். கம்பு, சோளம், குருணை எதிலும் சொல்லிக்கொள்ளும்படி கால்சியம் இல்லை. தானியங்களில் கால்சியத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராம்தான். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கிறது.

சரி, எதைக் கொடுப்பது?

அப்பத்தா சொன்னது சுண்ணாம்புத் தண்ணீர். "வெத்தலைச் சுண்ணாம்பக் கரைச்சு, தெளிவ மட்டும் இறுத்து வைய்யா." நம் ஊரில் முதலில் கேட்கிற யோசனையும் இதுதான். நானும் வைத்தேன், பலன் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். ஒரு லிட்டர் தெளிவில் இருக்கும் கால்சியம் ஒரு கிராமைத் தொடாது. கோழி ஒரு நாளைக்குக் குடிப்பதோ கால் லிட்டர் அளவுதான். அதாவது ஓட்டுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். போதாது என்று அடியில் தங்கிய வண்டலைக் கலக்கிவிட்டால் அது தொண்டையைப் புண்ணாக்கிவிடும், காரம் அப்படி. கோடையில் இன்னொரு சிக்கல்: தண்ணீரின் ருசி பிடிக்காவிட்டால் கோழி குடிப்பதையே குறைத்துவிடும்.

ஆனால் பழைய காரைச் சுவரைக் கோழிகள் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சுண்ணாம்புதானே என்று தோன்றும். காற்றுப் பட்டுப் பட்டுக் காரம் போய், அந்தச் சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிவிட்டது. முட்டை ஓடும் கிளிஞ்சலும் அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். தனக்கு வேண்டியதைக் கோழி சரியாகத்தான் தேடுகிறது.

அடுத்தது முட்டை ஓடு. செலவில்லை, கையிலேயே இருக்கிறது. கழுவி, வெறும் வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்து, ஓட்டின் உருவம் தெரியாதபடி நொறுக்கி வைக்கலாம். வறுப்பதை விட்டுவிடாதீர்கள், பச்சை ஓட்டில் கிருமி இருக்கும். இதில் குறை என்னவென்றால், வீட்டில் உடைத்த ஓடு மட்டும்தான் திரும்பக் கோழிக்குப் போகும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த முட்டையின் ஓடு போனது போனதுதான். தின்ற கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டுவதும் இல்லை, பாதியளவுக்கு வீணாகிவிடும். சிறுவிடைக்கு இது போதும். நாள் தவறாமல் இடுகிற கோழிக்கு நிச்சயம் போதாது.

கோழித்தீவனக் கடையில் ஷெல் கிரிட் என்று கேட்டால் கிளிஞ்சல் நொறுக்கைக் கொடுப்பார்கள். நான் கைகாட்டுவது இதைத்தான். காரணம் அதன் பருமன். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கோழி அடைந்து தூங்கும் நேரத்தில் வயிற்றில் கால்சியம் இருந்தாக வேண்டும். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூளைச் சாயங்காலம் கொடுத்தாலும் சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். நொறுக்காக இருந்தால் அரைவைப்பையில் தங்கி, விடியும்வரை மெல்லக் கரையும். கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக இருப்பது நல்லது. முட்டை ஓட்டையும் பொடியாக்காமல் இந்த அளவில் நிறுத்தினால் பலன் கூடும்.

இரையோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில், மாலை நாலு மணிக்கு மேல் வைக்கிறேன். முட்டையிடும் கோழிக்கு நாளைக்குப் பத்து கிராம் கணக்கு. வெள்ளைக் கோழி இரண்டும் வந்து தலையைச் சாய்த்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பொறுக்கும். சேவல் ஒரு கொத்து கொத்திவிட்டுப் போய்விடும். இரையோடு கலந்து வைத்தால், கால்சியம் தேவைப்படாத கோழியும் சேர்த்துத் தின்னும். குஞ்சுகளுக்கு அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், அவை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

கால்சியம் டானிக் உடனடித் தேவைக்கு நல்லது. முட்டை வெளிவராமல் கோழி முக்கிக்கொண்டு நிற்கும்போது மருத்துவர் கொடுப்பதும் கால்சியம்தான். தினமும் ஊற்றினால் காசு கரையும், இரவெல்லாம் வயிற்றில் தங்கவும் தங்காது.

கிளிஞ்சல் வைத்து மூன்றாம் நாள் ஓடு வந்தது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக. ஒரு வாரத்தில் கெட்டியானது. கூடவே மதியம் வேப்பமர நிழலில் கட்டி, தண்ணீரை இரண்டு முறை மாற்றினேன். வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும்போது ரத்தத்தின் தன்மை மாறி, கால்சியம் இருந்தும் ஓடு மெலிந்துபோகும்.

முதன்முதலாக இடும் பெட்டை ஒன்றிரண்டு தோல் முட்டை இட்டால் கவலை வேண்டாம், தானாகச் சரியாகும். ஆனால் எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் தோல் முட்டை இட்டு, முட்டையும் குறைந்து, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் கிண்ணத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்), ஐபி (மூச்சுக்குழல் அழற்சி), இடிஎஸ் (முட்டை குறையும் நோய்) போன்ற வைரஸ் நோய்கள் அப்படித்தான் தலைகாட்டும். அன்றைக்கே ஒரு முட்டையை டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.