எழுதக் காசு, அழிக்கவும் காசு: டைனமோடிபியோடு ஐந்து வருஷம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பன் போன் செய்தான். "மாப்ள, டைனமோடிபி ஆன்-டிமாண்ட் விலை பாதியாயிடுச்சாமே! நீதான் அஞ்சு வருஷமா அதோட குடும்பம் நடத்துறியே, நாங்களும் மாறிடலாமா?" டைனமோடிபி என்பது அமேசான் வாடகைக்குத் தரும் டேட்டாபேஸ். ஆன்-டிமாண்ட் என்றால் எழுதிப் படித்த அளவுக்குக் காசு. அந்த விலை குறைந்தது 2024 நவம்பரில். அவன் கண்ணில் இப்போதுதான் பட்டிருக்கிறது. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "நீங்க டேட்டாவ அழிப்பீங்களா?"

"அதென்னடா கேள்வி, யார்தான் அழிக்க மாட்டாங்க?" என்றான்.

எழுதுவது, படிப்பது, வேகம் பற்றியெல்லாம் ஊரே பேசியாகிவிட்டது. எனக்கும் அதில் குறை இல்லை. ஒற்றை ரெக்கார்டை அழிப்பதிலும் இல்லை. கீயை, அதாவது ரெக்கார்டின் அடையாளத்தைக் கொடுத்து டெலீட்ஐட்டம் என்ற அழிக்கும் கட்டளையைக் கூப்பிட்டால், டேபிளில் ஆயிரம் இருந்தாலும் கோடி இருந்தாலும் சில மில்லிசெகண்டில் போய்விடும். இல்லாத ஒன்றை அழிக்கச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாது. அதனால் பாதியில் அறுந்த ஸ்கிரிப்டைப் பயமில்லாமல் முதலிலிருந்து ஓட்டலாம். ஆல்-ஓல்டு என்று கேட்டு வைத்தால், அழித்த ரெக்கார்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகும். இந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

மொத்தமாக அழிக்கப் போகும்போதுதான் வயிறு எரிகிறது. 'மார்ச்சுக்கு முந்தையது எல்லாம் போகட்டும்' என்பது எஸ்க்யூஎல் என்ற வழக்கமான டேட்டாபேஸ் மொழி பழகிய கைக்கு ஒரே வரி. இங்கே அந்த வரி கிடையாது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முழு கீ வேண்டும், கீயின் இரண்டாம் பகுதியான சார்ட் கீ இருந்தால் அதுவும் சேர்த்து. கீ தெரியாதென்றால் ஸ்கேன் போட்டு டேபிள் முழுக்கத் தேட வேண்டும். ஒரு தடவைக்கு 1 எம்பி வரைதான் வரும். எங்கே நின்றது என்று அது சொல்லும் லாஸ்ட்-இவேலுவேட்டட்-கீயைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஃபில்டர் போட்டால் செலவு மிச்சமாகும் என்று நானும் நம்பியிருந்தேன். படித்து முடித்த பிறகுதான் ஃபில்டர் வேலை செய்கிறது, படித்த அத்தனைக்கும் பில் உண்டு. 2020-ல் எஸ்க்யூஎல் போலவே எழுத வைக்கும் பார்ட்டிகியூஎல் வந்தபோது 'டெலீட் ஃப்ரம்' என்று ஆசையாக அடித்துப் பார்த்தேன். அதுவும் முழு கீயைத்தான் கேட்டது, ஒரு ஸ்டேட்மென்டுக்கு ஒரு ரெக்கார்டுதான். வேஷம் எஸ்க்யூஎல், ஆள் பழைய ஆள்.

பலதைக் கட்டாக அனுப்பும் பேட்ச் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு தடவைக்கு 25. என் முதல் ஸ்கிரிப்ட் அழகாக 25, 25-ஆகக் கட்டி அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் 200, அதாவது 'சரி' என்று பதில் வந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எண்ணினால் மிச்சம் மீதி கிடக்கிறது. நெரிசலில் முடிக்க முடியாததை அன்ப்ராசஸ்ட்-ஐட்டம்ஸ் என்று அதே பதிலுக்குள் திருப்பித் தந்திருக்கிறது. நான்தான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, என் தப்புதான். பைத்தானில் அமேசானின் போட்டோ3 லைப்ரரியில் இருக்கும் பேட்ச்-ரைட்டர் இந்த மறுபடி அனுப்பும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது பில். அழிப்பதும் ஒரு எழுத்துதான், ரெக்கார்டின் அளவில் 1 கேபிக்கு ஒரு ரைட் யூனிட், அதை எண்ணித்தான் பில். கூடவே அந்த ரெக்கார்டு எத்தனை செகண்டரி இண்டெக்ஸில் (வேறு கீயால் தேட வைத்திருக்கும் துணைப் பட்டியல்) இருக்கிறதோ அங்கிருந்தும் எடுக்க வேண்டும், அதற்கும் தனியே காசு. வீட்டைக் காலி செய்கிறவனிடம் அறைக்கு இவ்வளவு என்று கேட்பது போல.

இந்த எரிச்சலுக்கு மருந்தும் அதே கடையில்தான் இருக்கிறது: டிடிஎல், டைம் டு லிவ், அதாவது ஆயுள் கெடு. 2017-இலிருந்தே உண்டு. ஒவ்வொரு ரெக்கார்டிலும் அது சாக வேண்டிய நேரத்தை எழுதிவிட்டால் போதும், அதுவே பின்னணியில் அழித்துவிடும். அதற்கு ரைட் யூனிட் செலவே கிடையாது. எங்கள் நோட்டிஃபிகேஷன் டேபிளுக்கு முதல் நாளே 90 நாள் என்று போட்டுவிட்டேன். பெருமையாக டீமுக்கு ஒரு விளக்கக் கூட்டம் கூடப் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரு ரெக்கார்டு கூடச் சாகவில்லை. டிடிஎல் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய செகண்டில் கேட்கிறது. நான் ஜாவாஸ்கிரிப்டின் டேட்-நவ் தரும் இப்போதைய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், அது மில்லிசெகண்ட். அந்த எண்ணைச் செகண்டாகப் படித்தால் கி.பி. 55,000-த்தையும் தாண்டிப் போகிறது. பாவம், அது சொன்னபடி காத்துக்கொண்டிருந்தது.

60 லட்சம் ரெக்கார்டு, எல்லாம் 1 கேபிக்குள், இரண்டு இண்டெக்ஸ். நானே அழித்தால் ஆளுக்கு மூன்று யூனிட், மொத்தம் 1 கோடியே 80 லட்சம். அமேசானின் வர்ஜீனியா மையத்தில் விலை அப்போது பத்து லட்சத்துக்கு 1.25 டாலர், ஆக 22.50 டாலர். பெரிய காசு இல்லைதான். ஆனால் பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் இந்த ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இன்ப அதிர்ச்சி வந்தது. அழிக்காமல், சாகும் தேதியை மட்டும் திருத்தினால்? எங்கள் இண்டெக்ஸ் இரண்டிலும் கீ மட்டும்தான் இருந்தது, தேதியைத் திருத்தினால் அவை அசையாது. ரெக்கார்டுக்கு ஒரே யூனிட், 7.50 டாலர். அதற்குப் பிறகு டிடிஎல் வந்து இண்டெக்ஸோடு சேர்த்து இலவசமாகக் கூட்டிப் பெருக்கிவிடும். நாமே கொல்வதைவிட நாள் குறித்துக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு செலவு!

அதிலும் இரண்டு இடத்தில் கால் இடறப் பார்த்தது. உடனே சாகட்டும் என்று தேதியை 1 என்று போடப் போனேன். ஐந்து வருஷத்துக்கு மேல் பழைய தேதியை டிடிஎல் தொடாது, தவறுதலாக அழிந்துவிடக் கூடாது என்று. 1 என்றால் 1970, அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். நேற்றைய தேதியைப் போட்டேன். இன்னொன்று, அப்டேட்ஐட்டம் என்ற திருத்தும் கட்டளை, அந்த ரெக்கார்டு இல்லையென்றால் புதிதாக உருவாக்கிவிடும். யூசர் இடையில் தானே அழித்ததை நான் பேயாக எழுப்பியிருப்பேன். 'இருந்தால் மட்டும்' என்று ஒரு கண்டிஷன் போட்டதால் தப்பித்தேன்.

டிடிஎல் அவசரத்துக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். நேரம் முடிந்தாலும் சில நாள் எடுத்துக்கொள்ளும், அதுவரை குவெரியில் உயிரோடு தலை காட்டும். படிக்கிற இடத்தில் எல்லாம் நாமே வடிகட்ட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பன் தன் கதையைச் சொன்னான். அவர்களுக்கு வாடிக்கையாளர் கணக்கை மூடினால், பத்துப் பதினைந்து டேபிளில் கிடக்கும் அவருடைய எல்லாமே அன்றைக்கே போக வேண்டும். எந்த டேபிளிலும் வாடிக்கையாளர் எண் கீயில் இல்லை.

"வேணாம்" என்றேன். "விலைய இன்னும் பாதியாக்கினாலும் வேணாம்."

"இவ்ளோ நேரம் நல்லா இருக்குன்னுதானடா சொன்ன?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீ எப்ப வெளிய வர்ற?"

போன மாதம்தான் புதிதாக இன்னொரு டேபிள் போட்டேன். டிடிஎல்லோடு, செகண்டில். அதை அவனிடம் சொல்லவில்லை.