டெக்சாஸில் குறி பார்த்துச் சுட: ரேஞ்சா, சொந்த நிலமா, நண்பர் பண்ணையா?

டெக்சாஸ் நிலத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. அரிசோனா, நெவாடா பக்கம் போல அரசுப் பாலைவனத்தில் காரை நிறுத்தி, தகரக் குவளையை வைத்துச் சுடுவதற்கு இங்கே வாய்ப்பு குறைவு. பொழுதுபோக்காகச் சுட நினைப்பவருக்குக் கட்டண ரேஞ்ச் (காசு கொடுத்துச் சுடும் பயிற்சிக் களம்), ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட சொந்த நிலம், தெரிந்தவரின் பண்ணை ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

இடம் பார்க்கும் முன் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை), எச்-4 (அவர் குடும்பம்), எஃப்-1 (மாணவர்) விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். "நண்பரோடது, சும்மா ரெண்டு ரவுண்டு சுட்டுப் பார்த்தேன்" என்பது செல்லாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் அதே கதைதான். முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தில் வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். செப்டம்பரில் பழையதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

ரேஞ்சில் காசு கொடுக்கணும், சனி ஞாயிறு கூட்டம், பக்கத்து மேடைச் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் யோசிக்கும் வேலையைப் பாதி அவர்களே செய்துவிடுகிறார்கள். "சீஸ் ஃபயர்" (சுடுவதை நிறுத்து) என்ற குரல் கேட்டால் எல்லோரும் நிறுத்தி, மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். ரேஞ்ச் "கோல்ட்" ஆன பிறகு, அதாவது சுடுவது நின்ற பிறகு, காலித் துப்பாக்கியைக்கூடத் தொடக்கூடாது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இந்தக் கெடுபிடிதான் வேண்டும்.

சொந்த நிலத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு: "என் இடம், யார் கேட்பது?" கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், கேட்கும். நகர எல்லைக்கு வெளியே, மனைப் பிரிவுக்குள் 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள இடங்களில் சுடுவதைக் கட்டுப்படுத்த கவுண்டிக்கு அதிகாரம் இருக்கிறது. கணக்கும் உதைக்கிறது. 10 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 220 கஜம்தான். சின்ன பாயின்ட் 22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகும். சுட்ட தோட்டா வேலி தாண்டினால், அடுத்த நிலமும் உங்களுடையதாகவோ, அந்த உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்ததாகவோ இருந்தால் தவிர, அதுவே தனிக் குற்றம். தோட்டாவைத் தடுக்க உயரமான மண்மேடு எழுப்பாமல் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பண்ணைதான் மூன்றிலும் சுகமானது, அதனாலேயே நாசூக்கு அதிகம் தேவைப்படுவதும். எழுதி ஒட்டிய விதி இருக்காது. பண்ணைக்காரர் சொல்லாமலே எதிர்பார்ப்பது நிறைய இருக்கும். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டு, திறந்திருந்தால் திறந்தபடியே விட்டுப் போங்கள். மாடு தண்ணிக்குப் போகும் வழியாக இருக்கும். ஜிபிஎஸ் காட்டிய கேட்டெல்லாம் அவருடையதல்ல. மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு தெரிந்தால், அத்துமீறி நுழையாதே என்று பலகை வைத்ததற்குச் சமம். உங்களை அழைத்தால் நீங்கள் மட்டும் போகணும். மச்சானையும் ஆபீஸ் நண்பரையும் கூட்டிப் போவதென்றால் முன்பே கேளுங்கள்.

கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், சில்லு மாட்டின் குளம்பைக் கிழிக்கும். குட்டைத் தண்ணீரில் சுட்டால் தோட்டா தெறித்து எங்கேயோ போகும். இரும்புத் தகடு வைப்பதாக இருந்தால் கெட்டிப்படுத்திய ஏஆர்500 ரக எஃகு, முகம் சற்றுக் கீழே சாய்ந்தபடி. பிஸ்டலுக்குக் குறைந்தது 10 கஜத் தூரம், ரைபிளுக்கு 100. குழி விழுந்த பழைய தகட்டில் பட்ட ஈயத் துணுக்கு சுட்டவர் பக்கமே திரும்பி வரும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். கிளம்பும்போது காலித் தோட்டா உறைகளைக் குனிந்து பொறுக்கணும். புல்லுக்குள் கிடக்கும் பாயின்ட் 22 உறை ரொம்பச் சின்னது, முதுகு வலிக்கும்.

தோட்டா பட்டதும் வெடிக்கும் இலக்கு பக்கம் போகவே கூடாது, அதுவும் வெளியில் தீ மூட்டக்கூடாது என்று கவுண்டி தீத்தடை அறிவித்திருக்கும் கோடையில். 2017 ஏப்ரலில் அரிசோனாவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க ஒருவர் இப்படிச் சுட்டதில் கிட்டத்தட்ட 47,000 ஏக்கர் எரிந்தது. 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு அவர் தலையில் விழுந்தது.

என் தேர்வு: முதலில் ரேஞ்ச், கை பழகியபின் மண்மேடு உள்ள பண்ணை. சொந்தச் சின்ன நிலத்தில்தான் என்று அடம்பிடித்தால் ஏர் ரைபிள் வாங்குங்கள். கூட்டரசுச் சட்டத்தில் அது துப்பாக்கிக் கணக்கில் வராது, விசாக்காரருக்கும் சிக்கலில்லை. அதற்கும் பின்னால் மண் வேண்டும்.