முப்பத்தைந்து வயசுக்கு மேல் மெடிக்கல் ஸ்கூல் அப்ளை பண்றீங்களா? கன்சல்டன்டுக்குப் பணம் அனுப்புமுன் இதைப் படிங்க

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ண நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஊரில் பி.இ. முடித்து, இங்கே வந்து எம்.எஸ். படித்து, வேலை, கிரீன் கார்டு என்று ஓரளவு காலூன்றியபிறகு, 'சின்ன வயசில் ஆசைப்பட்டதை இப்போதாவது படிக்கலாமே' என்று யோசிக்கும் நம்மவர்களுக்கு. அந்த ஆசையை நம்பியே, விண்ணப்பத்துக்கு வழிகாட்டுகிறோம் என்று ஃபீஸ் வாங்கும் கன்சல்டன்டுகளின் வியாபாரம் ஒன்று நடக்கிறது. அதற்கு நான் 4,800 டாலர் கட்டினேன். பெரும்பகுதி திரும்பி வரவில்லை. விண்ணப்பச் செலவு தனி. ஒரு அட்மிஷன் வருடமே வீணாய்ப் போனது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஆள் பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தவிர, பெயர் தெரிந்து பெரிய பிரயோஜனமும் இல்லை. இதே பேச்சைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உதவும்.

எங்கள் பகுதித் தமிழர் வாட்ஸ்அப் குழுவில்தான் அறிமுகம். முதலில் இலவச ஜூம் கூட்டம். பேசிய கன்சல்டன்ட் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பணிவு. "அக்கா, வயசு ஒரு மேட்டரே இல்லக்கா. உங்க வேலை அனுபவம்தான் உங்க பலம். காலேஜ் பசங்களுக்கு அது கிடையாது" என்றார். இதில் பொய் ஒன்றும் இல்லை. இங்கே மெடிக்கல் படிப்புக்கு வயது உச்சவரம்பு கிடையாது. மத்திய அரசின் நிதியுதவி பெறும் கல்லூரிகள் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. சேருபவர்களின் சராசரி வயது 24-ஐ ஒட்டி இருந்தாலும், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் சேருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இப்படி உண்மையில் தொடங்குவதால்தான் பின்னால் வருவதையும் நம்பத் தோன்றுகிறது.

அடுத்து தனியாக ஒரு ஃபோன் கால். என் சம்பளம் எவ்வளவு, வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார், வீடு சொந்தமா வாடகையா என்றெல்லாம் கேட்டார். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது காலேஜ் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: உங்கள் டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்காமல் ஃபீஸ் சொல்கிறவர் உங்களுக்கு வழிகாட்டி இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே டாக்டராக எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வகைப் பட்டங்கள் உண்டு. எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம்தான். ஏஏஎம்சி என்ற அமைப்பு அதை நடத்துகிறது. டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளுக்கு டிஎம்டிசாஸ், டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் என்று தனித்தனியாக உண்டு. நம் ஊர்க் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டை ஆம்காஸ் வாங்குவதே இல்லை. அங்கே படித்த பாடங்களைச் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியில் சேர்ப்பதும் இல்லை. நீங்கள் யுனிவர்சிட்டி ராங்க் ஹோல்டராக இருந்தாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் நிற்கும். இங்கே படித்த எம்.எஸ். கைகொடுக்குமா என்றால், அந்த மதிப்பெண் முதுநிலைக் கணக்கில் தனியாக நிற்கும், இளநிலை ஜிபிஏவில் சேராது. இதற்குமேல் ஒவ்வொரு கல்லூரிக்கும் சொந்த விதி வேறு. சிலர் அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய இளநிலைப் பட்டமே வேண்டும் என்பார்கள். சிலர் 90 கிரெடிட்டாவது (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி) இங்கே படித்திருக்க வேண்டும் என்பார்கள். சில இடங்களில் பயாலஜி, கெமிஸ்ட்ரி போன்ற முன்தேவைப் பாடங்களை மட்டும் இங்கே முடித்தால் போதும்.

நான் அப்போது கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பாக பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் முடித்திருந்தேன், எம்கேட் என்ற மெடிக்கல் நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆம்காஸின் கண்ணில் என் இளநிலைப் படிப்பு அந்தச் சில பாடங்கள்தான். இதை ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "பி.இ., எம்.எஸ்., ரெண்டு டிகிரி! ப்ரொஃபைல் செம ஸ்ட்ராங்க்கா" என்றார். கெமிஸ்ட்ரியில் ஒரு 'சி' இருக்கிறதே என்று கேட்டதற்கு, டி.ஓ. பக்கம் அதே பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மார்க் அழிந்துவிடும் என்றார். அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மைதான். 2017-லேயே அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். ஏன் மெடிக்கல் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஆம்காஸில் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற கட்டுரை ஒன்று எழுத வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் இடம். "அதை நாங்களே பார்த்துக்குவோம், பேக்கேஜ்ல வருது" என்றவர், என்னிடம் ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்பச் சொன்னார். வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஜூன் கடைசியில் வரைவு வந்தது.

முதல் வரியிலேயே நான் ஐசியுவில் என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மானிட்டர் பீப் அடிக்கிறது. அந்த நொடியில் நான் டாக்டராக முடிவெடுக்கிறேன். என் அப்பாவைப் பெற்ற பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அம்மாவைப் பெற்றவர் இன்றைக்கும் குக்கர் விசிலை எண்ணி, அடுக்களையில் இருப்பவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறார். ஐசியு வாசலைக்கூட மிதித்ததில்லை. இன்னும் கொஞ்சம் படித்தால், இரண்டாவது பத்தியில் பாட்டி ஆணாகிவிட்டார். 'ஹெர் ஹேண்ட்' என்று தொடங்கியது 'ஹிஸ் ஹேண்ட்' என்று முடிகிறது. யாரோ ஒருவருடைய தாத்தாவைத்தான் பாட்டியாக மாற்றியிருக்கிறார்கள், ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டார்கள். பிற்பாடு அதே குழுவில் இருந்த ஒரு பெண்ணிடம் பேசியபோது அவருடைய வரைவையும் காட்டினார். அவர் அக்கவுண்டன்ட். அதே ஐசியு, அதே பீப். என்னுடையதில் 'சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது போல' என்று வந்த வரி, அவருடையதில் 'கணக்கில் பிழை கண்டுபிடிப்பது போல' என்று இருந்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போது, இதில் உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது, முழுமையாகவோ பகுதியாகவோ வேறொருவர் எழுதியதல்ல என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். யோசனை கேட்கலாம், பிழை திருத்தச் சொல்லலாம். எழுதி வாங்கக் கூடாது. அதோடு, ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் அந்தக் கட்டுரையில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. இந்த ஆள் என் ஆம்காஸ் லாகின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார், 'ஃபார்மேட்டிங்' செய்வதற்காம்.

விண்ணப்பத்துக்குள் போய்ப் பார்த்தால் அடுத்த அதிர்ச்சி. செயல்பாடுகள் பகுதியில், ஹாஸ்பிஸில் (கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தன்னார்வமாக வேலை செய்ததை 120 மணி நேரம் என்று கொடுத்திருந்தேன். அது 420 ஆகியிருந்தது. கேட்டதற்கு, "யார்க்கா போய் எண்ணிப் பார்க்கப் போறாங்க?" என்றார். எண்ணிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தொடர்புகொள்ள ஒருவருடைய பெயரும் விவரமும் கொடுத்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் ஏஏஎம்சியே விசாரிக்கும், அறிக்கையை நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு அனுப்பும். அந்த 300 மணி நேரப் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியது நான், அவர் இல்லை. அவர் பெயர் அந்த விண்ணப்பத்தில் எங்கேயும் கிடையாது.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். மணிக்கணக்கைத் திருத்தினேன். கட்டுரையை முதலில் இருந்து நானே எழுதினேன். அது முடிந்து சமர்ப்பிக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. "கடைசித் தேதி நவம்பர்தானே, டைம் இருக்குக்கா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசித் தேதி அதுவாக இருக்கலாம். ஆனால் ஆம்காஸ் மே மாத ஆரம்பத்தில் திறக்கிறது, மே கடைசியை ஒட்டிச் சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில் முதல் தொகுதி கல்லூரிகளுக்குப் போய்விடும். கூட்டம் கூடிய நேரத்தில் சரிபார்ப்புக்கே வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்கள் வந்து சேரச் சேர இன்டர்வியூவுக்கு அழைத்துக்கொண்டே போகும். பிந்திப் போனால் பந்தியில் மிச்சம்தான்.

அவர் கொடுத்த கல்லூரிப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தைந்துக்கும் மேல். நான் விண்ணப்பித்தபோது ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் 45 டாலரை ஒட்டி ஆனது. பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்கு செகண்டரி விண்ணப்பம் அனுப்பும், அதற்குத் தனிக் கட்டணம், பல இடங்களில் நூறு டாலரை நெருங்கும். பட்டியலில் பாதி வேறு மாநிலங்களின் அரசுக் கல்லூரிகள். தங்கள் மாநிலத்தவருக்கே பெரும்பாலான இடங்களைக் கொடுக்கிறவை. செகண்டரி கட்டணமெல்லாம் கட்டி முடித்தபிறகு, ஒரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்திலிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது: எங்கள் குறைந்தபட்சத் தேவையான 90 கிரெடிட் உங்களிடம் இல்லை. இந்த விதி என் கண்ணில் பட்டதே அப்போதுதான். அவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிக்கா." மற்ற கல்லூரிகளிலிருந்தும் அடுத்தடுத்து அதே மாதிரி பதில்கள்.

குளிர்காலம் வந்ததும் பேச்சு மாறியது. "கரீபியன்ல சீட் கன்ஃபர்ம்" என்றார். அதற்கு வேறு பேக்கேஜ், வேறு ஃபீஸ். கரீபியன் கல்லூரிகளில் படித்து இங்கே நல்ல டாக்டராக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுக்குமுன், மெடிக்கல் முடித்தபின் செய்ய வேண்டிய ரெசிடென்சி பயிற்சிக்கு எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது என்ற கணக்கையாவது சொல்ல வேண்டாமா? அந்தப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் என்ற முறையில், 2024-ல் இங்குள்ள எம்.டி. கல்லூரிகளின் கடைசி வருட மாணவர்களில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் மெடிக்கல் முடித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது சுமார் 67 சதவீதம். பிள்ளைகளின் படிப்புச் சேமிப்பையும் வீட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு நாற்பதை நெருங்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சீட் மட்டும்தான் கன்ஃபர்ம். அதற்கப்புறம் நம் பாடு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் 'ஆலோசனை அமர்வு தொடங்கிய பின் பணம் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார். கிரெடிட் கார்டில் கட்டிய 1,800 டாலரை வங்கியில் டிஸ்ப்யூட் (கட்டணத்தை எதிர்த்து முறையீடு) போட்டு மீட்டேன். வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று எழுத்தில் முறையிட, ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். டிஸ்ப்யூட்டில் எடுபட்டது அந்தப் பாட்டி-தாத்தா வரைவும், 420 மணி நேர ஸ்கிரீன்ஷாட்டும்தான். மீதி 3,000, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக அனுப்பியது. "கார்டுன்னா மூணு பர்சன்ட் கூட ஆகும்க்கா" என்று அவர்தான் அந்தப் பக்கம் தள்ளினார். நாமே ஒப்புதல் கொடுத்து ஸெல்லில் அனுப்பிய பணத்தை வங்கி திரும்ப வாங்கித் தருவது குதிரைக்கொம்பு. மூன்று சதவீதம் போனாலும் போகட்டும், யாராக இருந்தாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

எல்லா கன்சல்டன்டும் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்குத் தேவையானதில் முக்கால்வாசி, காசில்லாமலோ சொற்பக் காசிலோ கிடைக்கிறது. ஏஏஎம்சியின் எம்சார் என்ற தகவல் தளத்துக்கு வருடச் சந்தா கட்டினால், ஒவ்வொரு எம்.டி. கல்லூரியும் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றியும் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களைப் பற்றியும் என்ன சொல்கிறது, வெளி மாநிலத்தவரை எத்தனை பேர் எடுக்கிறது, எம்கேட் எத்தனை வருடம் செல்லும் என்பதையெல்லாம் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான் செல்லும், ஆகவே பாடங்களை முடிக்காமல் எம்கேட்டுக்கு அவசரப்படாதீர்கள். புரியாததை அட்மிஷன் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறார்கள். எம்.எஸ். படித்த யுனிவர்சிட்டியில், மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் ப்ரீ-ஹெல்த் ஆலோசகர் இருந்தால், பழைய மாணவர்களையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். எங்கேயும் ஆலோசகர் இல்லாதவர்களுக்கு, என்ஏஏஹெச்பி என்ற ஆலோசகர்கள் சங்கத்தில் தன்னார்வலர்கள் இலவசமாக வழிகாட்டியிருக்கிறார்கள், அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். பட்டம் வாங்கியபின் முன்தேவைப் பாடங்களைப் படிக்கும் போஸ்ட்-பேக் படிப்பைப் பற்றி எனக்கு உருப்படியாகச் சொன்னது அப்படி ஒரு தன்னார்வலர்தான். அவர் முதலில் கேட்டதே டிரான்ஸ்கிரிப்ட். இப்போது மாநில யுனிவர்சிட்டியில் இளநிலை மாணவியாகச் சேர்ந்து கிரெடிட் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்து மேஜைக்காரனுக்கு என் வயதில் பாதிதான். எனக்கு 'மேம்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

அந்த ஆள் இப்போது வேறு கம்பெனிப் பெயரில், 'முப்பது பிளஸ் மெடிக்கல் கனவு' என்று போஸ்டர் போட்டு, புதிய வாட்ஸ்அப் குழுக்களில் ஜூம் கூட்டம் நடத்துகிறார். ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பணம் கொடுத்து மாட்டியிருந்தால், முதல் வேலையாக ஆம்காஸ் பாஸ்வேர்டையும் அதோடு இணைந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிறகு செயல்பாடுகள் பகுதியை ஒவ்வொரு வரியாகப் படித்து, மணிக்கணக்கை உங்கள் கையில் உள்ள சான்றுகளோடு ஒப்பிடுங்கள். ஃபோனில் பேசியதையெல்லாம் "இன்று நீங்கள் சொன்னது இதுதானே" என்று அவருக்கே மின்னஞ்சலாக எழுதி வையுங்கள். அட்டர்னி ஜெனரல் புகாருக்கு இணையதளத்திலேயே படிவம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.