எர்த்ஸீயா, மோதிரமா: முதலில் எதை எடுப்பது?
படிக்க வேண்டியவை என்று எழுதிவைத்த நீண்ட பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடக்கும் மாயப்புனைவுத் தொடர்களில், டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ ஆகிய இரண்டும் பெரும்பாலும் இருக்கும்.

முன்னது 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தபோதிலும் ஒரே நாவலாக எழுதப்பட்டது என்பதால், முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்பவருக்குக் கதை அந்தரத்தில் நிற்கும். கதையின் மையமான மோதிரம் கைக்கு வந்தபின் நாயகன் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கே 17 ஆண்டுகள் கழிகின்றன. அந்த நிதானத்துக்கு ஈடுகொடுக்கும் பொறுமை வேண்டும். (இடையில் வரும் பாடல்களைத் தாண்டிச் செல்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.)

1968இல் தொடங்கிய எர்த்ஸீயின் முதல் நூல் மெலிந்தது, தன்னளவில் முழுமையானது. பொருள்களின் உண்மைப் பெயரை அறிவதே மந்திரம் என்றிருக்கும் அவ்வுலகில், செருக்கினால் தானே அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அஞ்சி ஓடும் இளம் மந்திரவாதி கெட், ஒரு கட்டத்தில் திரும்பி அதைத் துரத்தத் தொடங்குகிறான். போர்க்களமோ பெரும்படையோ இல்லாமலே அந்த இடம் நெஞ்சை அழுத்துகிறது. மூன்றாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் இடையே 18 ஆண்டுகள் ஓடியிருப்பதால், பின்னதில் பார்வையே மாறியிருப்பதையும் காணலாம்.

வாசிப்பு விட்டுப்போனவர் எர்த்ஸீயில் தொடங்குவதே நல்லது என்பேன். மோதிரக் கதையை, இடைவிடாமல் ஒரு மாதம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.