ஒரு குப்பி, மூன்று பூனைகள்: வீடு தேடி வரும் ஊசிக்காரரிடம் கவனம்

தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில், பூனைகளுக்குத் தடுப்பூசி போடுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் லயம் லயமாகச் சுற்றுகிறார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். "ஒரே ஊசிதான் அம்மா, ஆயுசுக்கும் சளி அண்டாது" என்று அம்மாவிடம் சொல்லி, மூன்று குட்டிகளுக்கும் ஊசி போட்டு மூன்று பேருக்கான காசையும் வாங்கிக்கொண்டார். காலிக் குப்பி ஒன்றுதான் கிடந்தது. லேபிளில் '1 டோஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

ஒரு பூனைக்கு ஒரு குப்பி, அது முழுவதும். குட்டி சிறியது என்று மருந்தைப் பங்கு போட முடியாது. மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். இவரோ துணிப்பையில் கொண்டு வந்தாராம். நுவரெலியாக் குளிர் போதும் என்று நினைத்தாரோ என்னவோ!

பிறகு குட்டிகள் தும்ம ஆரம்பித்தன. கண்ணில் பீளை, ஒன்றுக்கு நாக்கில் புண். மூக்கடைத்து வாசனை தெரியாததால் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மீனைச் சுடவைத்து மூக்கருகே நீட்டியபோதுதான் நக்கின. தொலைபேசியில் கேட்டதற்கு, "ஊசி போட்டாலும் சளி வரும்" என்றார் அந்த ஆள். அதில் உண்மை இருப்பதுதான் எரிச்சல். பூனைச் சளியை உண்டாக்கும் ஹெர்பெஸ், கலிசி வைரஸ்களுக்கான தடுப்பூசி தொற்றை முழுவதுமாகத் தடுக்காது, நோயின் கடுமையைத்தான் குறைக்கும். ஒழுங்காகப் போட்டவர் சொன்னால் அது விளக்கம். இவர் சொன்னால் சாக்கு.

டவுனில் பார்த்த மிருக வைத்தியர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெறும் பேனாக் கிறுக்கல். குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் தொகுதி இலக்க ஸ்டிக்கர் இல்லை. இதைத் தடுப்பூசிக் கணக்கில் சேர்க்கவே முடியாது என்றுவிட்டார். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டுமாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதே காரணம். விசர்நோய் ஊசி வேறு. அதைப் போட்டுவிட்டுச் சளி ஊசி என்று சொல்பவர்களும் உண்டாம்.

குட்டிகள் தேறி வருகின்றன. உடம்பு முழுவதும் சரியானதும் முதலிலிருந்து ஊசி தொடங்கப்போகிறோம். கொடுத்த காசு திரும்பவில்லை. அந்த ஆள் இப்போது நானுஓயாப் பக்கம் போவதாகக் கேள்வி. வந்தால், ஊசி ஏற்றும் முன்பே ஐஸ் பெட்டியையும் பூனைக்கொரு குப்பியையும் காட்டச் சொல்லுங்கள். மிருக வைத்தியராகப் பதிவு செய்த இலக்கத்தையும் கேளுங்கள்.